உப்புச் சுவரில் ஒரு சித்திரம்

"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு. கவிதை மட்டும் வேண்டாம், நிலாவையும் காதலையும் வைத்து ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கிறது" என்று மலர்க் குழுவில் இருக்கும் எங்கள் சிவில் துறை நண்பன் சொல்லிவிட்டான். நமக்குக் கவிதை எங்கே வரப்போகிறது! நமக்குத் தெரிந்தது செங்கல், மணல், சிமென்ட், அப்புறம் வேதாரண்யம். ஆகவே ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன். 'சுவரில் என்னப்பா இருக்கு' என்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி ஷேவிங்கோடு ஒரு போலீஸ்காரர் வருகிறார்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. பழைய பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது தல வரலாறு. 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று சொலவடையே உண்டு. தாயுமானவரும், திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரும் பிறந்த ஊர். கொஞ்சம் தெற்கே போனால் கோடியக்கரை. 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், வெளிமான், சீசனுக்கு வரும் பூநாரை. இவ்வளவும் இருந்தாலும் வெளியூர்க்காரன் கேட்கிற முதல் கேள்வி, "உப்பு சத்தியாகிரகம் நடந்த ஊர்தானே?"

ஆமாம், அந்த ஊர்தான். 1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள், திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் புறப்பட்டார்கள். 150 மைல் நடை. நாமக்கல் கவிஞர் இதற்காகவே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரிக்கை விட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் சோறு போட்டால் எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது! ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அதிகாலை அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். எல்லா ஏற்பாட்டையும் செய்த வேதரத்தினம் பிள்ளை எங்கள் ஊர்க்காரர். உப்புப் போராட்டத்துக்காகச் சிறை போன முதல் பெண்மணி ருக்மிணி லட்சுமிபதி கைதானதும் இங்கேதான்.

இதையெல்லாம் ஒரு சுவரில் வரைவது என்று 2024 பிப்ரவரியில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஊருக்குள் நீளமான ஒரு சுற்றுச்சுவர். 180 அடி நீளம், 7 அடி உயரம். போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி ஒட்டி அதுவே ஒரு அட்டைப்பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது. கட்சிக்காரர்கள் எழுதி வைத்த 'ரிசர்வ்' வேறு. ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து பெயின்ட் செலவை ஏற்றுக்கொண்டார்கள். கை வேலைக்கு ஆள் வேண்டும். நான் ஊர்ப் பையன், சிவில் படிக்கிறவன், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறவன். லீவு நாட்களில் நம் கல்லூரி நண்பர்கள் 6 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வரைந்தவர் ஊரில் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் அண்ணன். வயதுக்கு மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அவர் அண்ணன்தான். ஒரு காலத்தில் சினிமா கட்-அவுட், கடை போர்டு, லாரிப் பின்பக்கம், தேர்தல் சின்னம் என்று ஓய்வில்லாமல் இருந்தவர். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. மூன்று நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் மெஷின் துப்பிவிடுகிறது. பிறகு வீட்டுக்கு வெள்ளை அடிக்கவும் போயிருக்கிறார். "பிரஷ்ஷ மட்டும் வேற தொழிலுக்குக் குடுத்துடல தம்பி" என்பார். சென்னை மாநகராட்சி 2009, 2010 வாக்கில் அண்ணா சாலை ஓரச் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்டுத் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தபோது, இவரைப் போன்ற பேனர் ஓவியர்கள் பலருக்குத் திரும்ப வேலை கிடைத்ததாம். 'நம்ம ஊருக்கு அது வர பதினஞ்சு வருசம் ஆயிருக்கு' என்று சிரித்தார்.

முதல் நாள் அவர் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. சுவரைத் தடவினார். கீழே குனிந்து ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

நண்பர்களே, நாமும்தான் லேபில் இந்த உப்பைப் பார்த்திருக்கிறோம். செங்கல்லைத் தட்டில் நிறுத்தி, 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, வெள்ளை பூத்திருக்கிறதா என்று பார்ப்போமே, ஐ.எஸ். 3495. பத்து சதவீதப் பரப்புக்குள் பூத்தால் 'ஸ்லைட்', ஐம்பதுக்குள் 'மாடரேட்', அதற்கு மேல் 'ஹெவி', பொடியாகி உதிர்ந்தால் 'சீரியஸ்'. ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் 'ஸ்லைட்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள்தானே! எங்கள் ஊர்ச் சுவரைப் பார்த்தால் 'சீரியஸ்' என்பதன் அர்த்தம் புரியும்.

காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. நிலத்தடி நீரில் உப்பு. சுற்றுச்சுவருக்கு யாரும் ஈரத்தடுப்பு அடுக்கு போடுவதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செங்கல்லின் நுண்துளை வழியாக ஈரம் மூன்று நான்கு அடி ஏறுகிறது. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு நின்றுவிடுகிறது. நின்ற உப்பு படிகமாகி வளரும்போது இடம் கேட்கும். சாந்தை உள்ளிருந்து தள்ளும். மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தால் அது பிளாஸ்டிக் தோல் மாதிரி. பின்னால் உப்பு சேர்ந்து கொப்புளம் கட்டி, ஒரு மழைக்காலத்தில் ராஜாஜி முகத்தோடு உரிந்து விழும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாமே என்று ஒரு நண்பன் சொன்னான். "கழுவுனா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். காஞ்ச பிரஷ்ஷால தட்டு" என்றார் அண்ணன். அவர் டிப்ளமா படித்தவரில்லை. கீழ் மூன்றடிக்குப் பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை வெளியே விட்டுவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தாரே, ஆயிரம் வருஷம் தாங்கிய அந்த வண்ணமும் சுண்ணாம்பின் மேல் நிற்பதுதான். எங்களுக்கு ஆயிரம் வேண்டாம், ஐந்து வருஷம் நின்றால் போதும். சாந்து காய்வதற்கே ஒரு மாதம் ஓடியது. அண்ணனின் தீர்மானம்: மேல் ஐந்தடியில்தான் படம், கீழ் இரண்டடி வெறும் சுண்ணாம்பு வெள்ளை, அங்கே ஒன்றும் வரையக்கூடாது.

இனி, என்ன வரைவது? சுவரை 20 அடி வீதம் 9 பாகமாகப் பிரித்தோம். பெரியவர்கள் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார்கள். கதவு திறந்த காட்சி, கோயில் விளக்கு, தாயுமானவர், திருச்சி நடைப்பயணம், மரத்தில் சோற்றுப் பொட்டலம், ராஜாஜி உப்பள்ளுவது, வேதரத்தினம் பிள்ளையும் அவர் 1946-ல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலமும், கோடியக்கரை மானும் பறவையும், சுனாமியில் இடிந்த பழைய கலங்கரை விளக்கம். கஜா புயலையும் போடலாம் என்று நான் சொன்னேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையை எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. "அதை எதுக்குத் தம்பி தினம் பார்க்கணும்?" என்றார் ஒருவர். அந்தப் புயலில் தென்னந்தோப்பு முழுவதையும் இழந்தவர் அவர். அதோடு விட்டுவிட்டேன்.

அண்ணன் ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். "வைரப்பனைப் போடாம நான் பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

வைரப்பன் முடிதிருத்தும் தொழிலாளி. வெள்ளைக்காரன் சேவகத்தில் இருப்பவனுக்குச் சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தவர். சாதாரண உடையில் வந்த ஒரு போலீஸ்காரருக்குத் தெரியாமல் சவரம் ஆரம்பித்துவிட்டார். பாதியில் ஆள் யாரென்று தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டார். மீதி முகத்தைச் சிரைக்கச் சொல்லி மிரட்டியும் முடியாது என்று சொல்லிச் சிறைக்குப் போனார். அவருக்கு ஊரில் நினைவுத் தூணும் இருக்கிறது. இந்தப் படத்துக்கு இடம் கொடுக்கத் தாயுமானவரையும் கோயில் விளக்கையும் ஒரே பாகத்தில் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று செல்ஃபி எடுக்கிற இடம் எது தெரியுமா? ஒரு பக்கக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கிற அந்தப் போலீஸ்காரர்தான்.

ராஜாஜி பாகம் முடிந்த அன்று என் அப்பாயி சுவரைப் பார்க்க வந்தது. அப்பாயிக்கு 70 தாண்டிவிட்டது. உப்பளத்தில் 40 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த உடம்பு. தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைவது எங்கள் வேதாரண்யத்தில்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த உப்பு. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பாத்தி மிதித்து, வரப்புக் கட்டி, உவர்நீர் பாய்ச்சி, விளைந்ததை வாருபலகையால் வாரி, சும்மாடு கட்டித் தலையில் சுமந்து, அம்பாரம் போட்டுக் கீற்று மூடுகிற வரை எல்லாம் கை வேலை. வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் போதும், அந்த எரிச்சலை எழுதிக் காட்ட எனக்குத் தமிழ் போதாது.

அப்பாயி படத்தை ரொம்ப நேரம் பார்த்தது. ராஜாஜி குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளுகிறார். பின்னால் தொண்டர்கள், எதிரே போலீஸ்.

"இந்தப் பெரியவரு ஒரு நாளு அள்ளுனாரா?"

"ஆமா அப்பாயி."

"அதுக்கு முன்னாடி அதை விளைய வச்சவுக யாரு?"

நான் பதில் சொல்லவில்லை. அது தானாக விளைந்த உப்பு, சர்க்கார் அனுமதியில்லாமல் அள்ளினார்கள், அதுதான் சட்டமீறல் என்று சரித்திரம் சொல்லியிருக்கலாம். அப்பாயி கேட்டது அதையல்லவே.

சாயங்காலம் பெரியவர்களிடம் போனேன். கடைசி 20 அடிக்கு மான், பறவை என்று முடிவாகியிருந்தது. மானையும் கலங்கரை விளக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டு, மிச்சத்தில் உப்பளத்துப் பெண்களைப் போடலாமே என்று கேட்டேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். கோபப்பட்டால் நாமும் சண்டை போடலாம். "நல்ல யோசனைதான் தம்பி, ஆனா இது பெருமைச் சுவரு. வெளியூர்லேர்ந்து வர்றவங்க பார்ப்பாங்க. ஏழ்மையைக் காட்டுற மாதிரி ஆயிடக்கூடாது" என்று ஒருவர் சொன்னார். "அவங்க என்ன போராட்டத்துலயா கலந்துக்கிட்டாங்க?" என்று இன்னொருவர்.

இந்த இடத்தில் கனடாவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். வான்கூவர் தீவில் செமெய்னஸ் என்று ஒரு சின்ன ஊர். மர அறுவை மில்லை நம்பிப் பிழைத்த ஊர். 1983-ல் அந்த மில்லை மூடிவிட்டார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1982-ல், கார்ல் ஷூட்ஸ் என்ற வியாபாரியின் யோசனைப்படி ஊர்ச் சுவர்களில் ஊர்ச் சரித்திரத்தை வரைய ஆரம்பித்திருந்தார்கள். ருமேனியாவில் மடாலயங்களின் வெளிச்சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். முதல் வருஷம் 5 ஓவியம். இன்று 40-க்கு மேல். மில்லை நம்பியிருந்த ஊருக்கு அந்தச் சுவர்களைப் பார்க்க வருகிறவர்களாலேயே வியாபாரம் நடக்கிறது. மில்லும் 1985-ல் சிறிய அளவில் திரும்பத் திறந்தது. இந்தக் கதையை ஊர்ச்சுவர் ஓவியம் பற்றித் தேடும்போது படித்திருந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வருமானக் கணக்கு அல்ல. அங்கே என்னென்ன வரைந்திருக்கிறார்கள் என்பது. மரம் வெட்டுகிறவன், மரம் இழுக்கிற மாடு, ரயில் என்ஜின், அந்த மண்ணின் பூர்வகுடிகள், கடை வைத்திருந்த சீனர். மில்லில் வேலை பார்த்த ஜப்பானியக் குடும்பங்களை 1942-ல், உலகப் போரைக் காரணம் காட்டி, சர்க்கார் கடற்கரையை விட்டே அப்புறப்படுத்தியது. அந்தச் சமூகத்தையும் பிற்பாடு சுவரில் வரைந்தார்கள். துரத்தப்பட்டவர்களையே சுவருக்குக் கூப்பிட்டுக்கொண்ட ஊர் இருக்கும்போது, நம் பாத்தியில் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறவர்களுக்கு என்ன தடை?

இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். கனடா எடுபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். எடுபட்டது அண்ணனின் ஒரு வாக்கியம். "ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல 12 அடி சும்மாதான கிடக்கு. அங்கதான் உப்பு அதிகம்னு நாமளே விட்டுட்டோம். நல்ல படம் எது போட்டாலும் அங்க நிக்காது. புள்ளைங்க கேக்குறதைப் போட்டுப் பார்ப்போம்." நிற்காத இடம் என்பதால் அனுமதி கிடைத்தது! சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டோம்.

கட்டம் போட்டு, நீலப்பொடி தடவிய நூல் அடித்து, அண்ணன் கரித்துண்டால் நான்கு பெண்களை நிறுத்தினார். மறுநாள் வேலை முடிந்து போகிற வழியில் உப்பளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அப்பாயி சொல்லி அனுப்பியிருக்கிறது! அதற்குப் பிறகு அண்ணனுக்கு நிம்மதி இல்லை.

"ஏண்ணே, பலகைய இப்படியா புடிப்பாக? வெளக்குமாறு புடிக்கிற மாரில்ல இருக்கு!"

"சீலைக்கு மேல சட்ட எங்க? வெயில்ல வெந்துருவோமே."

"கூடைய சுமக்குறவ கழுத்தப் பாருங்க. இப்படி நிமிந்து நின்னா உப்பு ஊத்திரும்."

ஒரு அக்கா சாலையிலேயே பலகைக்குப் பதில் எங்கள் மூங்கில் கம்பை வாங்கி வாரிக் காட்டினார். முதுகு எங்கே வளைகிறது, எந்தக் கால் முன்னால், கைப்பிடிக்கும் உடம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். கோட்டை அழித்துத் திரும்பப் போட்டார். நான் டேப்பைப் பிடித்து அளந்து குறித்தேன். இன்ஜினீயரிங் டிராயிங் பேப்பரில்கூட அவ்வளவு பொறுப்பாக நான் அளந்ததில்லை.

பெண்கள் எல்லோருக்கும் இதில் ஆசை இருந்தது என்று எழுதினால் அது பொய். அந்த அக்கா, கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னார். "தம்பி, எம் மூஞ்சி மாரி மட்டும் போட்டுடாதீங்க. எம்பொண்ணு நர்சிங் படிக்கிறா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த வழியா வருவாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உழைப்பைக் கௌரவிக்கிறோம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். அவருக்குச் சுவரில் முகம் வருவது வேறு ஒரு கணக்கு. பெரியவர் சொன்ன 'ஏழ்மை' என்ற சொல்லும் அவர் சொன்னதும் ஒரே பயத்திலிருந்துதான் வருகிறதோ என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தன் முகம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவருக்காக வேறொருவர் அதைச் சொல்ல முடியாது.

அண்ணன் பிரச்சினையை எளிதாக முடித்தார். குனிந்து வாருகிற மூன்று பேருக்கும் தலைத்துண்டை முன்னால் இழுத்துவிட்டார். முகம் நிழலில் போய்விட்டது. கூடை சுமக்கிற நான்காவது பெண்ணுக்கு மட்டும் நேர் முகம். அது அப்பாயி முகம். அப்பாயிக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவலை இல்லை. "மூக்குத்திய ரெண்டு பக்கமும் போடச் சொல்லு" என்பது மட்டுமே அதன் நிபந்தனை.

உப்பு வாருகிற காட்சியில் பாத்தி தரையில் அல்லவா இருக்கிறது! எனவே இந்த ஒரு பாகத்தில் மட்டும் கீழ் இரண்டடி விதியை அண்ணனே மீறினார். சுண்ணாம்பு காயும் முன்பே, ஈரத்தோடு, நீலமும் சாம்பலும் கலந்து பாத்தித் தண்ணீரைத் தீட்டினார். எமல்ஷன் சேர்க்கவில்லை. "உரிஞ்சா ஒரு நாள் வேலை, திரும்பப் போட்டுக்கலாம்" என்றார்.

2024 வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கல் லீவில் போய்ப் பார்த்தேன். ராஜாஜி, வைரப்பன், அப்பர் எல்லோரும் நலம். மான் ஒன்றின் பின்னங்காலில் மட்டும் கொப்புளம். உப்பளப் பாகத்தில், எதிர்பார்த்தபடியே, கீழே வெள்ளை பூத்திருந்தது. தீட்டிய பாத்திக்குள் நிஜ உப்பு. "படத்துலேயே விளைய ஆரம்பிச்சிருச்சு, இனி கூலிக்கு ஆள் வேணும்" என்று டீக்கடையில் கிண்டல். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். ஒரு கைப்பிடி அளவு உதிர்ந்தது. மேலே பெண்கள் மூன்றடிக்கு மேல் இருந்ததால் தப்பித்தார்கள்.

உப்பைவிட மோசமானது வேறு ஒன்று. 180 அடிச் சுவரில் முதல் போஸ்டர் எங்கே ஒட்டினார்கள் என்று கேளுங்கள். சாமி படத்தின் மேல் ஒட்ட எவனுக்கும் தைரியம் வராது. தலைவர் படத்தின் மேல் ஒட்டினால் தகராறு. மான் மேல்கூட ஒட்டவில்லை. ஒரு டியூஷன் சென்டர் போஸ்டரும், ஒரு கண்ணீர் அஞ்சலியும் நேராக உப்பளப் பெண்கள் மேலேயே ஏறியிருந்தன. குனிந்திருந்த மூன்று பேரும் மறைந்துபோய், அப்பாயி மட்டும் தலையில் கூடையோடு டியூஷன் சென்டரின் செல் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. சட்டத்துக்கும் பசை வாளிக்கும் எங்கள் ஊரில் இன்னும் அறிமுகமாகவில்லை.

தண்ணீர் தெளித்து உரிக்கலாமா, சுண்ணாம்பு வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது அந்த நர்சிங் பெண்ணின் அம்மா வேலையிலிருந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஈரத் துணியை வைத்துச் சிறிது நேரம் ஒற்றி, மேல் ஓரத்தை நகத்தால் நெம்பி, கீழ்நோக்கி ஒரே சீராக இழுத்தார். போஸ்டர் தோசை மாதிரி வந்தது. பெண்கள் மூன்று பேரும் பத்திரம். பாத்தி விளிம்பில் மட்டும் கொஞ்சம் சேதம். "எம் மூஞ்சிதான் இல்லியே, அப்புறம் எதுக்கக்கா இவ்வளவு அக்கறை?" என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அந்த நடுவுல நிக்கிறது நாந்தானே. நிக்கிற நிப்பு எனக்குத் தெரியாதா?"

ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு இப்போது பக்கத்து ஊர் ஒன்றில் 60 அடிச் சுவர் வேலை வந்திருக்கிறது. எங்கள் சுவரின் கீழ்ப் பாகத்துக்கு அடுத்த மழை ஓய்ந்ததும், ஜனவரியில், திரும்பச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மான் காலையும் சரி செய்ய வேண்டும். இரண்டு நாள் வேலை. நான் அதற்குள் டிப்ளமா முடித்திருந்தாலும் வருவேன். முதலாம், இரண்டாம் ஆண்டு நண்பர்கள், எந்தத் துறையாக இருந்தாலும் சரி, வரலாம். பழைய சட்டை எடுத்து வாருங்கள், சுண்ணாம்பு தெறித்தால் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடி அவசியம், ஒரு காய்ந்த பிரஷ்ஷும் இருக்கட்டும். மதியச் சாப்பாடு அப்பாயி பொறுப்பு. மீன் குழம்பு. உப்பு மட்டும் ஒரு கல் தூக்கலாகத்தான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.